முதல் விலைக்குச் சரி சொன்னவள்

எங்கள் அலுவலகத்தில் என் நற்பெயரின் விலை ஒரு கோப்பைக் காப்பி. கூடவே கேக் வேண்டுமென்றால் அது என் செலவு. ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரன் ஒருவன் தன் பெயரை இவ்வளவு மலிவாகக் கொடுத்தான் என்று சொன்னால் தலைநகர் தூனிஸில் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் விருந்தாளிக்கு முன்னால் பாதாமை எண்ணி வைப்பவர்கள் என்றுதானே அங்கே பேச்சு. ஆனாலும் நடப்பு அதுதான்.

நீதிபதி அம்மா, பேனாவை எடுக்க அவசரப்பட வேண்டாம். விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவது எங்கள் பழக்கம். நான் வந்திருப்பது நீங்கள் விசாரணைக்காக அடைத்து வைத்திருக்கும் பெண்ணைப் பற்றிப் பேச. இப்திஸாம் அமாமி. அவள் வெளியே வருவதும் வராததும் நான் சொல்லும் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்கிறார் அவளுடைய வக்கீல். அந்த வாக்கியத்தைச் சொல்வேன். அதற்கான இடம் வரட்டும்.

என் பெயர் ஃபௌஸி கர்கூரி. வேலை, பிறர் எழுதியதைச் சரிபார்ப்பது. ஆஸ்பத்திரிகளுக்கு நாங்கள் ஒரு பெட்டி செய்து விற்கிறோம். இப்போதெல்லாம் வயிற்றைக் கிழிப்பதில்லை. சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, திரையைப் பார்த்தபடியே மற்றத் துளைகள் வழியாக அறுக்கிறார்கள். கேமராவின் படத்தைத் திரைக்குக் கொண்டுபோவது எங்கள் பெட்டி. அந்த நேரத்தில் டாக்டருக்குக் கண் என்பது திரைதான்.

பெட்டிக்குள் ஒரு கணினி. அதன் அடிவயிற்றில் ஓடும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அங்கே ஒரு வரியை மாற்றினாலும், எழுதியவர் பெயருக்குக் கீழே ‘பார்த்தேன், சரி’ என்று இன்னொருவர் பெயர் வரவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகாது. அந்த இன்னொரு பெயர் பெரும்பாலும் என்னுடையது. உன்னுடையதை நான் பார்க்கிறேன், என்னுடையதை நீ பார், வா காப்பிக்கு. இதில் லஞ்சம் எதுவும் இல்லை. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் அப்படித்தான்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மதீனா என்று நாங்கள் சொல்லும் பழைய கோட்டை நகருக்குள் துணிக்கடை வைத்திருந்தார். ஒருமுறை வெளியூர்க்காரி ஒருத்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டு கேட்டாள். அப்பா வழக்கம்போல் இரண்டு மடங்கு சொன்னார். அவள் ‘சரி’ என்று சொல்லி, காசை வைத்துவிட்டுத் துணியோடு போய்விட்டாள். அப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. “ரெண்டு மடங்கு வாங்கியும் என்னய்யா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கே?” என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். “மூணு சொல்லியிருக்கலாமோன்னு இருக்கு” என்றார் அப்பா. சாகும்வரை அந்தப் பெண்ணைத் திருடி என்றே குறிப்பிட்டார். எங்களிடம் சொல்லப்படும் விலை விலையல்ல, ஒரு கேள்வி. அதற்கு ஆம் என்று பதில் சொல்பவர்கள் சந்தையைக் கெடுக்கிறார்கள்.

சரிபார்ப்பதும் எனக்கு அப்படித்தான் கைவந்தது. முதல் பதிப்புக்கே ‘சரி’ என்று சொன்னால் படிக்கவில்லை என்று அர்த்தம். எதையாவது குறைக்கச் சொல்லவேண்டும். எழுதியவர் முறைப்பார், பாதியைக் கொடுப்பார், மீதியை நான் விட்டுவிடுவேன். இருவருக்கும் மரியாதை. இப்திஸாமைத் தவிர எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஊர்க்காரர்கள். எழுதும்போதே எனக்கு வெட்டக் கொடுப்பதற்கென்று இரண்டு வரி கொழுப்பு வைத்து எழுதுவார்கள்.

இப்திஸாம் கொழுப்பு வைக்கத் தெரியாதவள். மெத்லவியிலிருந்து வந்தவள். பாஸ்பேட் சுரங்க ஊர். அங்கே கம்பெனிக் கடையில் விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்களாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். பேரம் பேசுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

அவள் எழுதிய திருத்தம் திரையின் அடையாளச் சீட்டைப் பற்றியது. கம்பியைச் செருகியதும் பெட்டி திரையைப் பார்த்து முதலில் கேட்பது, நீ யார்? திரை ஒரு சிறு சீட்டை நீட்டும். யார் செய்தது, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்த வேகத்தில் படம் தாங்கும் எல்லாம் அதில் இருக்கும். கடைசி இலக்கம் காவலுக்கு. சீட்டின் இலக்கங்களைக் கூட்டி வகுத்தால் மீதி பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது, சீட்டு செல்லாது. எனக்கு எப்போதும் பிடித்த ஏற்பாடு அது. சொல்வதோடு கணக்கையும் நேர்செய்து கொடுக்கிற பொருட்கள் உலகத்தில் குறைவு.

நாட்டின் உட்பகுதியில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை நடக்கும்போது திரை அவ்வப்போது கண் சிமிட்டுவதாகப் புகார் வந்தது. இப்திஸாம் பஸ் பிடித்துப் போய், பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு, அறுவை அறையின் மூலையில் நின்று பார்த்தாள். டாக்டர் கையில் சுடுகத்தி, சதையை மின்சாரத்தால் சுட்டு அறுப்பது. காலால் மிதியை அழுத்தும்போது எழும் இரைச்சல் பக்கத்துக் கம்பியில் ஏறுகிறது. திரையைக் கழற்றி மாட்டிவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. மறுபடியும் நீ யார் என்று கேட்கிறது. இரைச்சலில் சீட்டு உளறலாக வருகிறது. கணக்கு நேராகவில்லை. பெட்டி கடையைச் சாத்துகிறது. திரை இருட்டு.

அவள் சீட்டைப் படிக்கிற நிரலையே, டிரைவர் என்போம், ஒழுங்காகத் திருப்பி எழுதினாள். கடைசியில் சின்னதாக ஒரு பகுதி சேர்த்தாள்: புதிய சீட்டு உளறினால், கடைசியாகச் சரியாக வந்த பழைய சீட்டையே வைத்துக்கொள், திரையை அணைக்காதே. ஏன் என்பதையும் மேலே தெளிவாக எழுதியிருந்தாள்.

நான் படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா, என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத துணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். கம்பெனி முதலாளி மாஹிர் ஸியாலாவும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்.

“தப்பு ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா, ஸி ஃபௌஸி?” என்று அவள் கேட்டாள். எங்கள் பக்கம் பெரியவர்களை அப்படித்தான் ‘ஸி’ போட்டுக் கூப்பிடுவார்கள்.

“இவன்கிட்ட ஒரு சரி வாங்கறதுக்குள்ள ஒட்டகம் ஊசிக்காதுல போய்த் திரும்பி வந்துடும்மா” என்றார் மாஹிர்.

“தப்புன்னு இல்ல. அந்தக் கடைசித் துண்டு, பழைய சீட்ட வச்சிக்கிறது. அது வேண்டாம், எடுத்துடு” என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அதுக்காகத்தான் மத்ததையே எழுதினேன்.”

“பழைய சீட்ட நம்பி ஓட்டறது கெட்ட பழக்கம். யாராச்சும் நெசமாவே திரைய மாத்திட்டா?”

“ஆபரேஷன் நடுவுலயா? வயித்துக்குள்ள கத்திய விட்டுட்டு எவன் திரைய மாத்துவான்?”

“அடேங்கப்பா, பொண்ணு ஜெயிச்சிடும் போலிருக்கே” என்று மாஹிர் சிரித்தார்.

அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். நான் சர்க்கரையைக் கலக்கியபடி, “நான் இருபது வருஷமா சீட்டு பாத்துட்டிருக்கேன் பொண்ணே” என்று மட்டும் சொன்னேன். சொன்ன காரணம் பொய்யல்ல. புத்தகத்தில் தேடினால் கிடைக்கக்கூடிய காரணம்தான். இந்தத் தொழிலில் எதை வெட்டச் சொல்வதற்கும் ஒரு நியாயமான காரணம் எப்போதும் கையிருப்பில் உண்டு.

இப்போது அவள் முறைக்கவேண்டும். முடியவே முடியாது என்று எழுந்து நிற்கவேண்டும். நான் சரி சரி உட்கார் என்பேன். மேலே எழுதிய விளக்கத்தில் ஒரு வரியைக் குறைத்துவிடு, போதும் என்று முடித்துக்கொள்வேன். மனதுக்குள் அந்த வரியைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

அவள் சொன்னாள்: “சரி ஸி ஃபௌஸி. நீங்க சொன்னா எடுத்துடறேன்.”

எழுந்து போனாள். வாசல்வரை போய்த் திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் எழுந்து போவதும் பேச்சின் ஒரு பகுதிதான். அவள் எழுந்து போனது வேலையைப் பார்க்க.

அன்று மாலையே இரண்டாம் பதிப்பு வந்தது. அந்தப் பகுதி இல்லை. அது ஏன் வேண்டும் என்ற விளக்கமும் இல்லை. நல்ல பிள்ளையாகச் சுத்தமாகத் துடைத்திருந்தாள். கேட்டுக் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ‘பார்த்தேன், சரி’ என்று என் பெயரைப் போட்டேன்.

நான் அறியாமல் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அது என் படிப்புக்கு இழுக்கு. அந்தப் பகுதி இல்லாவிட்டால் சுடுகத்தி உடம்புக்குள் இருக்கும்போது திரை இருட்டும் என்று முதல் பதிப்பில் அவள் எழுதியிருந்ததை நான் வரி விடாமல் படித்தவன்.

ஸபீஹா என்ற பெண்மணிக்குப் பித்தப்பையில் கல். புருஷன் ரொட்டி சுடுகிறவர். அன்று காலை அறுவை அறை நர்சுகளுக்கெல்லாம் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாராம். டாக்டர் மிதியை அழுத்தியபோது திரை இருண்டது. கையை எடுக்கவா, அப்படியே வைக்கவா என்று தெரியாமல் அவர் ஒரு கணம் நின்றார். காலும் மிதியில் நின்றது. படம் திரும்பி வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு. அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை.

கம்பெனியில் கூடிப் பேசினோம். “அந்தத் துண்ட யாரு எடுத்தது?” என்று மாஹிர் கேட்டார். இப்திஸாம் என்னைப் பார்த்தாள். நான் திருத்தங்களின் பதிவேட்டைப் பார்த்தேன். ‘இரண்டாம் பதிப்பு. பழைய சீட்டை வைத்திருக்கும் பகுதி நீக்கம். இப்திஸாம் அமாமி’ என்று இருந்தது. எங்கள் ஊரில் படிந்த விலையைத்தான் எழுதுவோம். நடந்த பேரத்தை யாரும் எழுதுவதில்லை. “எழுதினவங்களுக்குத்தான தெரியும், எது வேணும் எது வேண்டாம்னு” என்றேன். இதிலும் பொய் இல்லை. மாஹிரும் அந்தக் காப்பி மேசையில் இருந்தவர்தான். அவருக்குக் காப்பி ஞாபகம் இருந்தது.

மறுநாள் அவள் அதே வரிகளைப் புதிய திருத்தமாக எழுதி அனுப்பினாள். எனக்குத்தான் அனுப்பினாள். திரைச் சீட்டு விஷயத்தில் என் பெயர் இல்லாமல் எதுவும் உள்ளே போகாதே. நான் பெயரைப் போட்டால், இரண்டு நாளில் எல்லா ஆஸ்பத்திரிப் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

மாஹிர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். “இப்பவே போட்டா, தெரிஞ்சே விட்டோம்னு ஆயிடும்டா. கொஞ்சம் ஆறட்டும்.”

அவர்மேல் பழி போட நான் வரவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். அவசரமாக வாங்குகிறவனிடம் கடைக்காரன் கூடுதல் கேட்பான்; அவசரமாகத் திருத்துகிறவனிடம் உலகம் காரணம் கேட்கும்.

எனவே சரிபார்த்தேன். ஒரு பெயரை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். விளக்கம் போதாது என்றேன், எழுதினாள். வேறு வேறு திரைகளில் சோதித்துக் காட்டச் சொன்னேன்; எங்கிருந்தோ திரைகளைக் கடன் வாங்கி, சோதித்துக் காட்டினாள். ஒரே திருத்தத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன், பிரித்தாள். பார்த்தால் ஒன்றாகவே நன்றாக இருந்தது, சேர்க்கச் சொன்னேன்; சேர்த்தாள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. வேண்டுமானால் எந்த நிபுணரிடமும் காட்டுங்கள். அவள் ஒரு தடவையாவது முறைத்திருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன். அவள் முறைக்கவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசி மடலின் அடியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘ஸி ஃபௌஸி, பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.’ அலுவல் விஷயத்தை மட்டும் எழுதும்படி பணிவாகப் பதில் போட்டேன்.

தாஹிர், ஆலிவ் ஆலையில் வேலை பார்த்தவன். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, அதே பெட்டி. குடல்வால் அறுவை. அவனுடைய டாக்டர் கையை உடனே எடுத்துவிட்டார். எடுத்த வேகத்தில் கத்தி பட்ட இடம் வேறு. செய்தி வந்த அன்றே அவளுடைய திருத்தத்தில் என் பெயரைப் போட்டேன். தாமதம் செய்யவில்லை.

பிறகு போலீஸ் பதிவேட்டைக் கேட்டது. பதிவேடு அவள் பெயரைச் சொன்னது. உங்கள் ஆட்கள் அவளை அழைத்துப்போவதற்கு முந்தைய நாள், அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“எடுக்கச் சொன்னது நீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க ஸி ஃபௌஸி. அது போதும் எனக்கு.”

“பாதி சொல்றேன். நான் யோசனைதான் சொன்னேன், நீ ஒத்துக்கிட்டே. ஆளுக்குப் பாதி.”

“பாதியா? இது என்ன ஆட்டுத்தொடையா, எலும்போட வெட்டித் தர?”

“அப்ப முக்கால்னு வச்சிக்க. நீயும் ஒரு வெல சொல்லேன்.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி. “அன்னைக்குக் காப்பிக்கடையிலயும் இதத்தான் பண்ணீங்களா? நெசமாவே அது வேண்டாம்னு நீங்க நெனக்கலையா?”

“நீ திருப்பிக் கேப்பேன்னு நெனச்சேன்” என்றேன். அது உண்மை.

“நான் நீங்க சரிபாக்கறீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அழவில்லை. படியிறங்கிப் போனாள். அன்றைக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன், பழக்கம்.

இதோடு விட்டிருப்பேன். நான் வருவதற்குக் காரணம் அவளுடைய வக்கீல். நேற்று வந்து சொன்னார்: இப்திஸாம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு உங்கள் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். ‘எடுத்தது என் கைதான். யார் சொன்னார்கள் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை’ என்றாளாம். குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு வரிகூடத் தள்ளச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன முதல் விலைக்குச் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அப்பாவை நேற்றுதான் புரிந்துகொண்டேன்.

சரி, வாக்கியத்துக்கு வருவோம். நீக்கச் சொன்னது நான். அது உயிர் காக்கும் பகுதி என்று தெரிந்தே சொன்னேன். ஸபீஹா போன பிறகு, திருப்பி வைக்கும் திருத்தத்தைத் தெரிந்தே நிறுத்தி வைத்தேன். அந்த இடைவெளியில்தான் தாஹிர் போனான். இவ்வளவுதான். சொல்லிவிட்டேன், பாருங்கள், நாக்கு கூசவில்லை.

இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போட்டால் அவள் போகலாம் என்கிறீர்கள். போடாமல் எழுந்தால் இப்போது பேசியது இந்தச் சுவருக்குச் சொன்னதாகத்தான் ஆகும், மாஹிர் ஏற்கெனவே ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் அம்மா, நீங்களும் இந்த ஊரில் காய்கறி வாங்குகிறவர்தானே. முழுப்பழியும் என்பது முதலில் சொல்கிற விலை. அதற்கு நான் தலையாட்டினால் நாளைக்கு நீங்களே என்னை மதிக்க மாட்டீர்கள்.

நேர்மையாகக் கணக்குப் பார்ப்போம். போன உயிர் இரண்டு, உள்ளே இருக்கும் பெண் ஒன்று. தாஹிரை நான் எடுத்துக்கொள்கிறேன், முழுசாக, ஒரு பைசா தள்ளுபடி கேட்காமல். ஸபீஹாவில் ஆளுக்குப் பாதி. மீதி நிற்பது ஒரு பாதி உயிரும் ஒரு பெண்ணும். கூட்டினால் இன்னும் பூஜ்யம் வரவில்லை. நீங்கள்தான் உங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வரவேண்டும்.